டாஃப்னி டு மோரியேயின் தொடக்கக் கதைகள்: ‘தி டால்’ படித்தவர்கள் வாருங்கள்

கடலோர வாசகி எழுதியது:

‘ரெபெக்கா’ நாவலை இங்கே நிறையப் பேர் படித்திருக்கிறீர்கள். ஆனால் அதை எழுதிய டாஃப்னி டு மோரியே இருபது வயதை ஒட்டி எழுதிய சிறுகதைகளைப் பற்றி நம் குழுவில் யாரும் பேசியதாக நினைவில்லை. போன மாதம் ‘தி டால்’ தொகுப்பை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் இந்தக் கதைகள் கிடைத்த கதை. 1937-ல் இங்கிலாந்தில் ‘தி எடிட்டர் ரெக்ரெட்ஸ்’ என்று ஒரு தொகை நூல் வந்தது. ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று ஆசிரியர்கள் திருப்பி அனுப்பிய கதைகளைத் திரட்டிப் போட்ட புத்தகம் அது. அதில் ஒன்று டு மோரியேயின் ‘தி டால்’, அதாவது பொம்மை. அடுத்த ஆண்டே ‘ரெபெக்கா’ வெளியாகி அவர் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் சின்னக் கதையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அவர் வாழ்ந்த கார்ன்வால் பகுதியில் ஃபோவி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே புத்தகக் கடை நடத்தும் ஒருவர், அவருடைய எழுத்துகளில் கைக்கு எட்டாமல் போனவற்றைத் தேடிக்கொண்டே இருந்து, கடைசியில் அந்தத் தொகை நூலைப் பிடித்தார். 2011-ல் விராகோ பதிப்பகம் ‘தி டால்’ உட்பட 13 கதைகளை ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தது.

கதை இதுதான். (முடிவு வரை சொல்ல மாட்டேன்.) கடற்கரைப் பாறை இடுக்கில் ஒரு பழைய குறிப்பேடு கிடைக்கிறது. கடல்நீர் பட்டு நைந்து போயிருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாது. படிக்க முடியாமல் அழிந்த இடங்களில் வெறும் புள்ளிகள். உள்ளே ஒரு ஆண் பேசுகிறான். தனக்குப் பைத்தியம் பிடித்தால் அது மனிதனுக்குத் தெரியுமா என்ற கேள்வியோடு தொடங்குகிறான். வயலின் வாசிக்கும் ஒரு பெண்மேல் அவனுக்குத் தீராத ஆசை. அவள் யாருக்கும் பிடிகொடுக்காதவள். அவள் வீட்டில் ஓர் ஆளுயர இயந்திரப் பொம்மை இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் உருவம். பெயர் ஹூலியோ. தான் ஏன் அவளுக்குத் தேவைப்படவில்லை என்பது அந்தப் பொம்மையைப் பார்த்த பிறகுதான் இவனுக்குப் புரிகிறது.

அந்தப் பெண்ணின் பெயர் ரெபெக்கா.

நூல் வெளிவந்தபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்தப் பெயரைத்தான். பெரிய நாவலின் விதை இங்கே கிடக்கிறது என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் நாம் தப்பான கதவைத் தட்டுகிறோம் என்று நினைக்கிறேன். ‘ரெபெக்கா’ நாவலில் பேசுகிறவள் ஓர் இளம் மனைவி. கூச்சக்காரி. தன் பெயரைக்கூடச் சொல்லாதவள். ரெபெக்காவோ முதல் பக்கத்துக்கு முன்பே செத்துப்போனவள். ‘தி டால்’ கதையில் பேசுகிறவன் ஆண். எதிரில் உயிரோடு இருக்கும் ஒருத்தியைச் சொந்தமாக்கத் துடிக்கிறான், அவளைப் புரிந்துகொள்ள முடியாமல் உடைகிறான். இந்தக் குரல் மறுபடி முழுசாக வருவது 1951-ல், ‘மை கசின் ரேச்சல்’ நாவலில். அதில் கதை சொல்லும் பிலிப் ஆஷ்லியின் குரல் அது. பொம்மைக் கதையின் வாரிசு ரேச்சல்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய அட்டை எழுதியது:

நல்ல இழை. முதலில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கப் பதிப்பின் அட்டையில் ‘தொலைந்த சிறுகதைகள்’ என்றே துணைத்தலைப்பு போட்டார்கள். அதைப் பார்ப்பவர்கள் 13 கதைகளும் ஏதோ பரணிலிருந்து இறங்கியவை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. இவற்றில் பல கதைகள் 1950-களிலேயே ஒரு சிறு தொகுப்பில் வந்தவை. அது மறுபதிப்புக் காணாமல் போனதால் கைக்குக் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான். பத்திரிகையில் வந்து அங்கேயே தங்கிவிட்டவையும் உண்டு. மெய்யாகவே தேடிக் கண்டெடுத்தது என்று சொல்ல ‘தி டால்’ கதைக்குத்தான் முதல் உரிமை.

இதைச் சொல்வது தேடியவரின் உழைப்பைக் குறைக்க அல்ல. பழைய இதழ்களில் ஒரு கதையைத் தேடுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகைகளிலிருந்து கதைப் பக்கங்களைக் கிழித்து நூலால் தைத்து வைத்த கட்டுகள் இருந்தன. எந்த இதழ், எந்த வருடம் என்று ஒன்றிலும் இருக்காது. ஒரு கட்டில் கடைசிப் பக்கமே இல்லை. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது.

இன்னொரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். டு மோரியேயின் முதல் கதை அச்சானது 1929-ல், ‘தி பைஸ்டாண்டர்’ வார இதழில். அதன் ஆசிரியர் அவருடைய தாய்மாமன், காமின்ஸ் போமாண்ட். கதை ‘அண்ட் நவ் டு காட் த ஃபாதர்’. நாகரிகமான லண்டன் பேட்டையில் பணக்காரப் பெண்களின் அபிமானத்தில் குளிர்காயும் ஒரு பாதிரியாரைக் காட்டுகிற கதை. கூர்மையானதுதான். ஆனால் அந்த மேல்தட்டு வாசகர்கள் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே படிக்கலாம். பொம்மைக் கதையை அப்படிப் படிக்க முடியாது. தாய்மாமன் கையிலேயே பத்திரிகை இருந்தும், அந்தக் கதை நிராகரிக்கப்பட்டவைகளின் தொகுப்பில்தான் இடம் பிடித்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

தேன்சிட்டு எழுதியது:

அக்கா, நான் ‘ரெபெக்கா’ மட்டும்தான் படித்திருக்கிறேன். ஹிட்ச்காக் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். இந்தத் தொகுப்பை நேராக எடுக்கலாமா, இல்லை ரேச்சலைப் படித்துவிட்டு வர வேண்டுமா? அப்புறம், இருபது வயதில் எழுதியது என்றால் கொஞ்சம் பிள்ளைத்தனமாக இருக்குமோ என்று ஒரு தயக்கம்.

நள்ளிரவு ரயில் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன்.

1980-ல் ‘தி ராண்டெவூ’ என்று ஒரு கதைத் தொகுப்பு வந்தது. அப்போது டு மோரியே உயிரோடு இருந்தார். 1989-ல்தான் இறந்தார். அந்தத் தொகுப்பில் அவருடைய ஆரம்பக் கதைகள் சில உண்டு. பழைய அட்டை சார் சொன்ன அதே பாதிரியார் வரும் இன்னொரு கதைகூட அதில் இருக்கிறது. ‘தி டால்’ இல்லை. நூல் வந்த காலத்தில் அவர் கையில் இருந்த தேர்வு அது. இறந்து 22 வருடம் கழித்து, அவர் கேட்டிருக்கவே முடியாத ஒரு தொகுப்பில் இதைக் கொண்டுவந்து, அதையே தலைப்பாகவும் வைப்பது நியாயமா? எழுத்தாளர் ஒதுக்கி வைத்ததை நாம் தோண்டி எடுக்கலாமா?

தொகுப்பில் பலவீனமான கதைகள் நிறைய. ‘வீக்எண்ட்’ படித்தீர்களா? காதலர் இருவர் ஒரு வார இறுதிக்குக் கிளம்புகிறார்கள், கொஞ்சு மொழியில் பேசிக்கொள்கிறார்கள், படகில் போகிறார்கள், திரும்பும்போது காதல் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்திலேயே எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது. ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ கதையும் அதே ரகம். பல வருடம் காத்திருந்து கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிக்குத் தேனிலவில் எல்லாமே கோணலாகப் போகிறது. இவற்றை எழுதியவர் பெயர் டு மோரியே என்று இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்?

கடலோர வாசகி எழுதியது:

தேன்சிட்டு, நேராக எடும்மா. பிள்ளைத்தனம் இருக்கிறது, சில கதைகளில் நிறையவே இருக்கிறது. ஆனால் ‘ஈஸ்ட் விண்ட்’ கதையிலிருந்து தொடங்கு. படித்துவிட்டு இங்கே வந்து சொல்.

பழைய அட்டை சார், திருத்தத்துக்கு நன்றி. ‘தொலைந்த’ என்ற சொல்லை நானும் யோசிக்காமல் பயன்படுத்தி வந்தேன்.

நள்ளிரவு ரயில், உங்கள் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். ‘தி டால்’ டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த கைப்பிரதி இல்லை. 1937-லேயே அவர் பெயரோடு அச்சில் வந்த கதை. அப்போது அவருக்கு வயது 30. ‘ஜமைக்கா இன்’ முந்தின வருடம்தான் வந்து நன்றாக விற்றது. பெயர் பெற்ற நாவலாசிரியை தன் நிராகரிக்கப்பட்ட கதையை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அச்சில் வந்த ஒன்றைத் தேடி எடுப்பது, எரிக்கச் சொன்னதை எரிக்காமல் விடுவதைப் போன்றது இல்லையே. 1980-ல் சேர்க்காததற்குக் காரணம் பிரதி கையில் இல்லாததாகவும் இருக்கலாம், பிடிக்காததாகவும் இருக்கலாம். அதை வைத்து ஒரு தீர்ப்புக்கு வர எனக்கு மனமில்லை.

‘வீக்எண்ட்’ பற்றி நீங்கள் சொன்னது சரி. ‘எ டிஃபரன்ஸ் இன் டெம்பரமென்ட்’ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டி மனத்தாங்கலை வெளியிலிருந்து பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. ஆனால் பொம்மைக் கதையில் அந்தத் தூரமே கிடையாது. எழுதும்போது அவருக்கே கை நடுங்கியிருக்கும் என்று படிக்கும்போது தோன்றுகிறது.

மூன்றாம் மாடி எழுதியது:

இதுவரை யாரும் தாத்தாவை இழுக்கவில்லையே!

டாஃப்னியின் தாத்தா ஜார்ஜ் டு மோரியே. ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையின் பெயர்போன சித்திரக்காரர். 1894-ல் ‘ட்ரில்பி’ நாவல் எழுதினார். அது அப்போது பெரும் பரபரப்பு. அதில் ஸ்வெங்காலி என்று ஓர் இசைக்காரன் வருகிறான். சுருதி சேராத ஒரு பெண்ணை வசியத்தால் கட்டி, தன் கைப்பாவையாக்கி, ஐரோப்பாவே வியக்கும் பாடகியாக்குகிறான். அவன் விழுந்ததும் அவள் குரலும் விழுகிறது. இன்றும் ஆங்கிலத்தில் பிறரைத் தன் பிடியில் வைத்து ஆட்டுகிறவனை ஸ்வெங்காலி என்கிறார்கள்.

இப்போது பேத்தியின் கதையைப் பாருங்கள். இங்கேயும் இசை, இங்கேயும் ஒரு பாவை. ஆனால் வயலினும் அவள் கையில், பாவையும் அவள் கையில். அவளை ஆட்டிவைக்க நினைத்த ஆண் வாசலில் நிற்கிறான். அதுவும் பாவைக்கு ஆண் உருவம்! தாத்தா இவர் பிறப்பதற்கு முன்பே, 1896-ல், போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா ஜெரால்ட் நடிகர், நாடக அரங்க நிர்வாகி. வீடு முழுக்க மேடைப் பேச்சு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு ‘ட்ரில்பி’ குடும்பச் சொத்து மாதிரி. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்தச் சொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார்.

இந்தக் கதையைத்தான் ஆசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். ஒரு பெண்ணின் ஆசைக்கு ஆண் தேவையே இல்லை என்று இருபது வயசுப் பெண் எழுதியதை 1920-களின் எந்தக் குடும்பப் பத்திரிகை போட்டிருக்கும்?

பழைய அட்டை எழுதியது:

அடடா, மூன்றாம் மாடி! ‘ட்ரில்பி’ படித்து முப்பது வருடம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

தேன்சிட்டு எழுதியது:

அக்கா, ‘ஈஸ்ட் விண்ட்’ படித்துவிட்டேன். ராத்திரி படித்திருக்கக் கூடாது.

படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன். சில்லித் தீவுகளுக்கும் மேற்கே, கப்பல் வழியை விட்டு ஒதுங்கிய ஒரு தீவு. கொஞ்சம் பேர்தான் குடியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக தங்களுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு, மீன் பிடித்துக்கொண்டு, கெட்டது நல்லது எதுவும் தெரியாமல் குழந்தைகள் மாதிரி இருக்கிறார்கள். கிழக்குக் காற்று அடிக்கிறது. புயலுக்கு ஒதுங்கி ஒரு கப்பல் வருகிறது. வேற்று மொழி பேசும் மாலுமிகள், பிராந்தி, சிரிப்பு. தீவே ஆட்டம் காண்கிறது. கத்ரி என்ற மீனவனின் மனைவி ஜேன் ஒரு மாலுமியிடம் போகிறாள். கத்ரி அவளைக் கொன்றுவிடுகிறான். பொழுது விடிகிறது, காற்று திசை மாறுகிறது, கப்பல் போய்விடுகிறது.

அவ்வளவுதான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அழக்கூட இல்லை. இதில் பேயும் இல்லை, பாழடைந்த மாளிகையும் இல்லை. இதைக் கோதிக் கதை என்று சொல்லலாமா?

மூன்றாம் மாடி எழுதியது:

சொல்லலாம் என்பேன். கோதிக் கதைக்கு அடைபட்ட ஓர் இடம் வேண்டும், வெளியே இருந்து வந்து அதன் ஒழுங்கைக் குலைக்கும் ஒரு சக்தி வேண்டும். இங்கே மாளிகைக்குப் பதில் தீவு, பேய்க்குப் பதில் காற்று.

அந்தக் காற்றை நீ மறுபடி சந்திப்பாய். 1952-ல் அவர் எழுதிய ‘தி பேர்ட்ஸ்’ கதையைப் படி. ஹிட்ச்காக் 1963-ல் கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனாரே, அதன் மூலக்கதை. மூலத்தில் அது கார்ன்வால். ஒரே இரவில் காற்று மாறிக் குளிர்காலம் வந்துவிடுகிறது. கிழக்குக் காற்று. பறவைகள் மனிதர்களைத் தாக்கத் தொடங்குகின்றன. ஏன் என்று கடைசிவரை தெரிவதில்லை. கால் நூற்றாண்டு இடைவெளியில் அதே காற்று, அதே காரணமின்மை. ஓர் இளம் எழுத்தாளரின் கையில் அகப்பட்டது அத்தனை வருடம் உள்ளேயே இருந்து மறுபடி எழுந்து வந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அது.

நள்ளிரவு ரயில் எழுதியது:

காற்று விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ‘ஈஸ்ட் விண்ட்’ நல்ல கதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொம்மை, ரேச்சல் தொடர்பு இன்னும் ஒட்டவில்லை. ரெபெக்கா என்ற பெயரை அப்படிச் சுலபமாக ஓரம் கட்ட முடியுமா? தேதிகளைப் பாருங்கள். ‘தி எடிட்டர் ரெக்ரெட்ஸ்’ 1937. அதே ஆண்டில்தான் கணவரின் ராணுவப் பணியால் எகிப்தில், அலெக்சாண்ட்ரியாவில் இருந்தபடி நாவலைத் தொடங்குகிறார். பழைய கதை அச்சில் வருகிறது, அதே பெயர் புதிய நாவலில் வருகிறது. தற்செயலா?

அதோடு ‘தி ஹேப்பி வேலி’ கதையும் இந்தத் தொகுப்பில் இருக்கிறதே. கனவில் திரும்பத் திரும்ப ஒரு பள்ளத்தாக்கையும் வீட்டையும் காணும் பெண். 1932-ல் வந்த கதை. ‘ரெபெக்கா’ தொடங்குவதே மாண்டர்லி மாளிகைக்குத் திரும்பிப் போகும் கனவில்தான். மாண்டர்லியிலிருந்து கடலுக்கு இறங்கும் அசேலியாப் பூக்கள் நிறைந்த பாதைக்கு நாவலில் பெயரே ஹேப்பி வேலி. இதைவிட என்ன வேண்டும்?

கடலோர வாசகி எழுதியது:

நீங்கள் ‘தி ஹேப்பி வேலி’யைச் சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் அதில் முழுக்க உங்கள் பக்கம்தான் நான். ‘ரெபெக்கா’வின் தாய்க்கதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். கதையில் வரும் அந்த வீட்டுக்கு மூலம் மெனபிலி. ஃபோவிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் மறைந்து கிடந்த பழைய மாளிகை. இளம் வயதில் அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து பார்த்து மயங்கினார். 1943-ல்தான் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார், 1969 வரை இருந்தார். சொந்தமாக வாங்க முடியவே இல்லை. குடியேறுவதற்கு 11 வருடம் முன்பே அந்த வீட்டைக் கதையில் கனவாகக் கண்டுவிட்டார்.

பெயர் தற்செயல் என்று நானும் சொல்லவில்லை. அலெக்சாண்ட்ரியா வெயிலில் உட்கார்ந்து கார்ன்வாலை நினைத்து ஏங்கியபோது, பழைய பெயர் கைக்கு வந்திருக்கும். பெயரோடு அந்தப் பெண்ணின் பிடிபடாத தன்மையும் வந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது பேசும் குரலைப் பற்றி.

ரேச்சலை நினைத்துப் பாருங்கள். (படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.) பிலிப்புக்கு 24 வயது. தன்னை வளர்த்த அண்ணன் முறைக்காரர் ஆம்ப்ரோஸ் இத்தாலியில் ரேச்சலை மணந்து, அங்கேயே இறந்துபோகிறார். அவளை வெறுக்கத் தயாராக இருக்கும் பிலிப், அவள் வந்து இறங்கியதும் காதலில் விழுகிறான். குடும்ப நகைகளைத் தருகிறான், எஸ்டேட்டையே எழுதித் தருகிறான். தந்தால் அவள் தன்னுடையவள் ஆகிவிடுவாள் என்று நம்புகிறான். அவள் ஆகவில்லை. உடனே அவள் விஷம் வைத்தவள் என்று தோன்றுகிறது. அவள் கொலைகாரியா, அப்பாவியா? கடைசி வரி வரை நமக்குத் தெரியாது. ஏனென்றால் நம்மிடம் இருப்பது அவன் வாக்குமூலம் மட்டும்தான்.

பொம்மைக் கதையிலும் இதே நிலைமை. அந்தப் பொம்மையை நாம் பார்ப்பது அவன் கண்ணால்தான். ரெபெக்கா சொன்னதாக வருவதெல்லாம் அவன் எழுதியது. அதுவும் நடுவில் அழிந்துபோன வரிகளோடு. அவள் ஒரு விபரீதப் பிறவியா, தன்பாட்டில் வாழ்கிற ஒரு கலைஞியா? ஒரு பைத்தியக்காரன் எழுதியதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு பெண்ணைப் பற்றிய முழுச் சாட்சியத்தையும் அவளை அடைய முடியாத ஆணின் கையில் கொடுத்து, வாசகரைத் தவிக்க விடுவது. இந்த வித்தை ‘ரெபெக்கா’வில் இல்லை. அங்கே மர்மம் அவிழ்கிறது, ரெபெக்காவின் கணவர் மாக்சிம் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார். ரேச்சலில் யாரும் சொல்வதில்லை.

தேன்சிட்டு எழுதியது:

ரேச்சல் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன் அக்கா, அடுத்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.

நேற்று ‘டேம் கேட்’ படித்தேன். பாரிஸில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, இனி நானும் பெரியவள், அம்மாவோடு தோழி மாதிரி இருக்கலாம் என்று ஆசை ஆசையாக வீட்டுக்கு வரும் பெண். அம்மாவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மாமா’ ஒருத்தர் இவளைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. அம்மாவின் முகமும் மாறுகிறது. இவளுக்கு ஒன்றுமே புரிவதில்லை, எனக்குப் புரிகிறது. அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றேன்.

பழைய அட்டை எழுதியது:

கடலோர வாசகி, உங்கள் வாதத்துக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். ‘அண்ட் ஹிஸ் லெட்டர்ஸ் க்ரூ கோல்டர்’ கதையை மறந்துவிட்டீர்கள். முழுக்க ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு எழுதும் கடிதங்கள். முதலில் மரியாதை, பிறகு பாகாய் உருகுதல், அடையும்வரை தவிப்பு, அடைந்த பிறகு சாக்குப்போக்கு, கடைசியில் நாலு வரி. அவள் எழுதிய பதில் ஒன்றுகூடக் கதையில் இல்லை. அவள் என்ன பட்டாள் என்பதை அவன் மழுப்பல்களிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரேச்சல் நாவலிலும் கதையைத் தொடக்கி வைப்பது கடிதங்கள்தானே. ஆம்ப்ரோஸ் இத்தாலியிலிருந்து எழுதுபவை. முதலில் மகிழ்ச்சி, அப்புறம் மௌனம், அப்புறம் பயமும் சந்தேகமும். இத்தாலியில் நடந்ததை ரேச்சல் தரப்பில் சொல்லும் கடிதம் அங்கேயும் நம் கைக்கு வருவதில்லை.

நள்ளிரவு ரயில் எழுதியது:

கடிதங்கள் விஷயம் என் கண்ணில் படவே இல்லை. அந்தக் கதையைப் பாதியில் தள்ளிவிட்டுப் போனவன் நான். வடிவம் பிடித்திருந்தது, ஆனால் ஆள் எப்படிப்பட்டவன் என்று மூன்றாம் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதால் அலுப்பாக இருந்தது. அவள் குரல் இல்லாததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

1980 பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ரேச்சலை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இந்த முறை பிலிப் சொல்வதை நம்பாமல், ரேச்சல் என்ன பேசுகிறாள் என்பதை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு படிக்கப் போகிறேன். முடித்ததும் எழுதுகிறேன்.

கடலோர வாசகி எழுதியது:

கோடிட்டு முடித்த பக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள். நானும் பொம்மைக் கதையில் ரெபெக்கா பேசும் வரிகளை மட்டும் தனியாக எழுதி வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேன்சிட்டு, நீ அதுவரை இந்த இழையை மறுபடி திறக்காதே!